வாளும் மன்றாட்டும்

வைணவ மரபில் வளர்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1894-இல் வெளிவந்த அவர்தம் ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியது. பன்யனின் பயணி அலகையோடு பொருதுகையில் வாளை நழுவவிடுகிறான். மீண்டும் அதைப் பற்றியே வெல்கிறான். எபேசியர் 6:17 கூறும் இறைவார்த்தையே அவ்வாள்.

ஆயினும், பாலைவனத்தில் இயேசுவைச் சோதித்த அலகையும் திருப்பாடல் 91-ஐ எடுத்தாண்டதன்றோ? வசனம் அறிதல் மட்டும் நம்பிக்கையாகாது. வசனம் தந்தவரிடம் நம்மை ஒப்படைத்தல் வேண்டும். அவ்வொப்படைப்பை இக்காப்பியத்தின் போர்க்காட்சிகளைவிட, இடையே அமைந்த தேவாரப் பாடல்களிலேயே நாம் மிகுதியாகக் காண்கிறோம். காப்பியத்தின் உயிர்நிலை அதுவே.

பட்டாபிராமில் விடியற்காலை இரயிலுக்கு விரையும் நம் மக்கள், அயலாரை வீழ்த்த வசனம் தேடாது, அம்மன்றாட்டைக் கற்பாராக.