கழுத்துச் சாய்வுக்குக் கத்தி எப்போது?

கொழும்புத்துறையில் பிள்ளை பிறந்தால் முதல் மாதத்திலேயே குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். பிறவிக் கழுத்துச் சாய்வில் தசைக்குள் கட்டி தட்டுப்படுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். தலை கட்டியிருக்கும் பக்கம் சரியும். நாடி மறுபக்கம் திரும்பும். சில மாதங்களில் கட்டி கரைந்துவிடும். “வளர வளரச் சரிவரும்” என்ற வீட்டுப் பேச்சுக்கு அது போதும். தசை இறுகியே நிற்கக்கூடும் என்பதை அந்தப் பேச்சு பார்ப்பதில்லை. யாழ் போதனா வைத்தியசாலை சில கிலோமீற்றரில்தான், கட்டணமும் இல்லை. பிந்துவதற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான்.

எத்தனை பேருக்குக் கத்தி வேண்டும்? ஹொங்கொங்கில் 821 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து ஜாக் செங் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியோடு வந்தவர்களிலும் பத்தில் ஒருவருக்குக் குறைவாகவே சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. வலுவான சான்றுதான். ஆனால் அங்கே தசையை நீட்டிவிட்டவர்கள் தேர்ந்த இயன்மருத்துவர்கள், அதுவும் வாரம் மூன்று முறை. எங்கள் ஊர்களில் அந்த வேலை அதிகமும் தாயின் தலையில் விழுகிறது. வீரிட்டு அழும் பிள்ளையின் கழுத்தைத் திருப்ப யாருக்குத்தான் கை வரும்? அந்த விகிதத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது பிழை.

ஒரு வயது கடந்தும் கழுத்து முழுதாகத் திரும்பாமல், தசை கயிறுபோல் தட்டுப்பட்டு, முகம் ஒரு பக்கம் சிறுத்துவந்தால் இனி வெட்டத்தான் வேண்டும். அதற்கு முன் கண்ணையும் கழுத்தெலும்பையும் சோதித்தாக வேண்டும். கண்தசைக் கோளாறால் தலை சாய்க்கும் பிள்ளையின் கழுத்தை வெட்டுவது மன்னிக்க முடியாத தவறு.

தசையைக் கீழ்முனையில் மட்டும் வெட்டுவதா, காதின் பின்னுள்ள மேல்முனையிலுமா என்பது பழைய வாதம். இருமுனை வெட்டுக்குப் பெயர் தேடித்தந்த ஃபெர்கல் குழுவின் 1983 ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 12 பேர். அதை விதியாக்க எனக்கு மனமில்லை. மேல்முனைக்கு அருகே தோளை உயர்த்தும் நரம்பும் முகநரம்பும் ஓடுகின்றன. சிறு பிள்ளைக்குக் கீழ்முனை வெட்டே பெரும்பாலும் போதும். வளர்ந்த பிள்ளைக்கும், இறுக்கம் கடுமையானால் அல்லது திரும்பவந்தால், இருமுனையும் நியாயம்.

தழும்புக்குப் பயந்து பள்ளிக்கூட வயதைத் தாண்டவிடுவதை ஏற்க முடியாது. பிந்தி வெட்டினாலும் கழுத்து திரும்பும். கோணிய முகம் பழையபடி வருவதுதான் கடினம். வெட்டிய இடம் மறுபடி ஒட்டி இறுகாதிருக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அந்தக் கிளினிக் திகதிகளைக் குறித்துக் கொடுக்காமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், வெட்டு எவ்வளவு நேர்த்தியானாலும், அதை முடிந்த சிகிச்சையாக நான் கொள்ளமாட்டேன்.