பேசும் மரங்களும் இயந்திர நாயும்

அறிவியல் புனைகதை இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் அருட்பணியாளரிடையே இன்றும் உண்டு. நடவாததை நடந்ததாகக் கூறும் எழுத்துக்கும் மெய்யை அறிவிக்கும் ஊழியத்துக்கும் யாது தொடர்பு என்பது அவர்கள் வினா. இதனைச் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா" என்னும் நாவலைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா (1935–2008), 1980களில் ஆனந்த விகடனில் இதனைத் தொடராக எழுதினார். கதை நிகழும் காலம் 21ஆம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கம். ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவளுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது பேசுகிறது, நூல் படிக்கிறது, ஆலோசனையும் கூறுகிறது.

இதனை வாசகர் எங்ஙனம் ஏற்கின்றனர்? ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் 1817இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வாசகன் தன் ஐயத்தை மனமொப்பிச் சிறிது நேரம் ஒத்திவைக்கிறான் என்பது அதன் கருத்து. ஆனால் அந்த இசைவு நிபந்தனையற்றதன்று. தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஓர் இயந்திர நாய் ஏறி அமர்ந்தது என்று எழுதினால் நம்மவர் புன்னகையோடு தொடர்ந்து படிப்பர். அந்த ரயில் குரோம்பேட்டைக்கு முன்னே பல்லாவரத்தை அடைந்தது என்று எழுதினாலோ நூலை மூடிவிடுவர். பெரிய புதுமை ஒன்றை ஏற்பவர் சிறிய பிழையைப் பொறுப்பதில்லை. அறிந்த உலகு உள்ளபடி நின்றாலன்றி அறியாத உலகுக்கு அடி வைக்க இடமில்லை. நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே செய்யுள் நெறி வகுத்த தொல்காப்பியர் இதனை அறிந்திருந்தார்.

கதையில் குறித்த ஆண்டுகளை நாம் கடந்துவிட்டோம். ஜீனோவைப் போன்றதொரு நாயை எவரும் காணவில்லை. ஆயினும் நாவல் பொய்த்துப் போகவில்லை. அரசு அலுவலகத்தில் அனுமதிக்குக் காத்திருக்கும் எளியவரின் அச்சமும், கணவனைத் தேடும் பெண்ணிடம் ஆவணம் கேட்கும் அதிகாரத்தின் கடுமையும் நாம் அறிந்தவை. நடப்பியல் என்பது எதிர்காலத்தைச் சரியாகக் கணிப்பதன்று. மனிதரை உள்ளவாறு காட்டுவதாகும்.

இதற்குத் திருமறையிலேயே சான்று உண்டு. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று கதை சொல்லுகிறான். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவமரம் தன் எண்ணெயையும், அத்திமரம் தன் இனிமையையும், திராட்சச்செடி தன் ரசத்தையும் விட்டுவர மறுக்கின்றன. முட்செடியோ தன் நிழலில் வந்து தங்குமாறு அழைக்கிறது. மரம் பேசுமோ என்று கேட்கத் தோன்றவில்லை. முட்செடிக்கு நிழல் ஏது என்றே கேட்கத் தோன்றுகிறது. சகோதரரைக் கொன்று அரசனான அபிமெலேக்கைக் குறித்த உண்மை அவ்வினாவில் அடங்கியிருக்கிறது. பேசாத மரத்தைப் பேசவைத்த யோதாம், எந்த மரத்தின் இயல்பையும் மாற்றவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வளவுகோலால் அளக்கும்போது சுஜாதாவின் நாவலிலும் குறை தென்படுகிறது. ஜீனோ மனித இயல்பைப் பெறும் படிகள் போதிய அளவு காட்டப்படவில்லை. கதையின் முடிச்சு இறுகும்போதெல்லாம் அதன் அறிவு உதவிக்கு வந்துவிடுகிறது. அவ்விடங்களில் இயந்திரத்தின் இயல்பு தளர்ந்து ஆசிரியரின் வசதி மேலோங்குகிறது. நகைச்சுவை அதனை மறைக்கிறதேயன்றி நீக்கவில்லை.

எனினும் நாவலின் முடிவு இக்குறையை மிஞ்சி நிற்கிறது. மக்கள் பணிந்து போற்றிய ஜீவா ஒரு மனிதனே அல்லன்; ஒளியால் அமைந்த முப்பரிமாண உருவம். இங்கே இருவகை நம்பிக்கைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஜீனோவை நம்பும் வாசகன், அது கதை என்று அறிந்தே நம்புகிறான். நூலை மூடியதும் அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுகிறான். ஜீவாவை நம்பிய குடிகளுக்கு அந்த உரிமை இல்லை. முன்னது கலை, பின்னது விக்கிரக வழிபாடு. புனைகதையைப் பழகி வாசிப்பவன் இவ்வேறுபாட்டை உணரக் கற்கிறான்.

அருளுரையாளருக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாம்பரம், பல்லாவரம் பகுதிச் சபைகளில் அறிவியல் பயிலும் வாலிபர் பலர் நம் முன் அமர்கின்றனர். ஜீனோ கதையானால் உயிர்த்தெழுதலும் கதைதானோ என்று அவர்கள் வினவக்கூடும். ஐயத்தை ஒத்திவைக்குமாறு அவர்களுக்கு விடையளிப்பது தகாது. லூக்கா தம் நூலின் முகவுரையில் கண்கூடாகக் கண்டவரின் சாட்சியையும் தம் ஆராய்ச்சியையும் முன்வைக்கிறார். 1 கொரிந்தியர் 15இல் பவுல், இன்னும் உயிரோடிருக்கும் சாட்சிகள் பலர் உண்டென்று சுட்டுகிறார். ஐயமுடையோர் விசாரிக்கலாம் என்பதே அதன் உட்பொருள். கதை ஐயத்தை ஒத்திவைக்கக் கேட்கிறது. நற்செய்தியோ ஐயத்தோடு வருபவனையும் அழைக்கிறது. தோமாவை ஆண்டவர் கடிந்து துரத்தவில்லை. கையை நீட்டச் சொன்னார். வினா எழுப்பும் வாலிபரை வாயடைக்கும் பிரசங்க பீடம், தான் அறியாமலே முட்செடியின் நிழலுக்கு அவர்களை அழைக்கிறது.