துத்தநாகக் கட்டி

கடலில் ஓடும் உல்லாச மோட்டார் படகை ஆண்டுக்கொருமுறை கரையேற்றும்போது என்ஜின் ஆயில், ஃபில்டர், தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஆகியவை மாற்றப்படும். அவற்றினும் அழகான வேலை, அடிப்பாகத்துத் துத்தநாகக் கட்டியை மாற்றுவது. வெண்கல புரொப்பல்லரும் எஃகுத் தண்டும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் மின்கலம் போல மின்னோட்டம் உண்டாகி, உலோகம் அரிக்கப்படும். எளிதில் கரையும் துத்தநாகம் அந்த அரிப்பைத் தானே ஏற்று மற்றவற்றைக் காக்கிறது. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க முன்வைத்த அருமையான யோசனை இது. நன்னீர் ஏரிகளில் துத்தநாகம் சரிப்படாது, மக்னீசியமே ஏற்றது. கட்டி பாதி கரைந்ததும் கழற்றிவிட வேண்டும். புதியதைப் பொருத்துமிடம் பளிச்சென்று சுரண்டப்பட்டு, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பெயின்ட் பூசிய கட்டி எதையும் காக்காது.