கரைவாகு மண்ணில் இலேசான கொங்கிறீட்

இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, கிழக்கே சமுத்திரமும் மேற்கே வயல்வெளியும் நெருக்கி நிற்க, இடையே எஞ்சிய மணற்பட்டியிலேதான் எங்கள் குடியிருப்புகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டடம் எழுப்பலாகாதென அரசாங்கம் விதித்த கட்டுப்பாடு பிற்பாடு தளர்த்தப்பட்டதாயினும், பரவுவதற்கு நிலமில்லாத ஊர் மேல்நோக்கித்தான் வளரவேண்டும் என்னும் நிர்ப்பந்தத்தை அது எல்லோருக்கும் உணர்த்திவிட்டது. மாடிக்கு மாடி ஏறும் பாரமெல்லாம் ஈற்றில் இந்த மணலின்மீதே இறங்குவதால், இலேசான கொங்கிறீட்டின் குணதோஷங்களை விசாரிப்பது எங்களுக்கு அவசியமாகிறது.

இலேசான பொருளைக் கலந்து கொங்கிறீட்டின் பாரத்தைக் குறைக்கும் முறை புராதனமானது. ரோமாபுரியின் பாந்தியன் குவிமாடம், 43 மீற்றர் விட்டத்துடன், உச்சியை நெருங்க நெருங்க இலேசான எரிமலை நுரைக்கல் கலக்கப்பட்டு, ஏறக்குறைய 1900 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. சாதாரணக் கொங்கிறீட்டின் கனமீற்றர் ஒன்று 2400 கிலோகிராம் அளவு நிறையுடையது. கருங்கற் சல்லிக்குப் பதிலாக உடைத்த தேங்காய்ச் சிரட்டையை இட்டால் அது 2000 கிலோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். தமிழ்நாட்டில் சிரட்டையையும் மலேசியாவில் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டையும் கொண்டு செய்த பரிசோதனைகள், வீட்டு வேலைக்குப் போதிய பலத்தை இவ்விதம் பெறலாமென்று காட்டியுள்ளன.

சிரட்டையைக் காட்டிலும் எனக்கு நம்பிக்கையூட்டுவது உமிதான். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் நீரால் விளையும் எங்கள் அம்பாறை மாவட்டத்தில், 1000 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் சுமார் 200 கிலோகிராம் உமியும், அதனை எரித்தால் சுமார் 40 கிலோகிராம் சாம்பலும் மிஞ்சும். சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கலக்கக்கூடிய அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்து நீருடன் கூடும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் அது சேர்ந்து, நுண்துளைகளை அடைத்து, உப்பு உட்புகுவதைத் தடுக்கிறது. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தூண் வெடிப்பதை வீட்டுக்கு வீடு கண்டு வருந்தும் ஊருக்கு இது அற்பமான நன்மையன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. கே. மேத்தா 1970களிலேயே இதனை ஆராய்ந்து விளக்கினார்.

ஆயினும் ஆய்வுகூடத்துச் சாம்பல் வேறு, ஆலைக்குப் பின்னால் கறுத்துக் குவிந்து கிடக்கும் சாம்பல் வேறு. சுமார் 700 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் உமியை எரித்தால்தான் சிலிக்கா வினைபுரியும் நிலையில் இருக்கும்; நெல் அவிக்கும் உலையில் கட்டுப்பாடின்றி எரிந்த சாம்பலோ, சில இடத்தில் படிகமாக இறுகியும் சில இடத்தில் எரியாத கரி கலந்தும் இருப்பதால், ஒரு மூட்டையின் குணம் மறு மூட்டைக்கு இராது. நன்றாய் எரித்து அரைத்த சாம்பலும் அதிக நீரை உறிஞ்சும். கலவை இறுகியதென்று மேசன் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினால், சாம்பலால் வந்த பலன் அத்தனையும் அந்த வாளியோடு போய்விடும். மேலும், இவ்வினை மெதுவாக நிகழ்வதாகையால் கட்டியதை வழக்கத்திலும் அதிக நாள் நனைத்து வைக்கவேண்டும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் அதனைச் சிரத்தையோடு செய்வோர் சிலரே. இதற்கு மாறாக, நுரைச்சோலை மின்னிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் தொழிற்சாலையிலேயே சீமெந்தில் கலக்கப்பட்டு வருவதால், இத்தகைய குறைகளுக்கு அதில் இடம் குறைவு.

சிரட்டைக்கும் குறைகளுண்டு. தன் நிறையில் ஐந்திலொரு பங்குக்குமேல் நீரை அது குடிக்குமாதலால் முன்னரே ஊறவைத்தல் வேண்டும். அதனாலான விட்டம், சம பலமுள்ள சாதாரண விட்டத்தைவிட அதிகமாகத் தொய்யும். கழிவுப்பொருளாதலால் மலிவானது என்னும் வாதமும் முழுதும் பொருந்தாது. கரிக்கும் கிளர்வூட்டிய காபனுக்கும் சிரட்டையை விலைகொடுத்து வாங்குகிற தேசம் இது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பாரம் தாங்காத இடைச்சுவர்களுக்கும் அவற்றுக்கான சீமெந்துக் கற்களுக்கும் சிரட்டையும் உமிச்சாம்பலும் கலக்கும் இம்முறையை இன்றே தயக்கமின்றிக் கைக்கொள்ளலாம்; ஆனால் கம்பி பொதிந்த தூணுக்கும் விட்டத்துக்கும் மேற்தளத்துக்கும், உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக வைத்துச் சோதிக்கும்வரை, கருங்கற் சல்லியே தகும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் சம்மாந்துறை முதலிய ஊர்களின் ஆலைக்காரரும் ஒன்றுகூடி, உமியை அளவான வெப்பத்தில் எரிக்கும் உலை ஒன்றையேனும் இப்பிரதேசத்தில் நிறுவ முன்வரவேண்டும்.