பூட்டு யாருக்கு?

1982-இல் கடைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் பூட்டே கிடையாது. சோனியும் பிலிப்ஸும் வகுத்த நியமப்படி, நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலி அதில் அப்பட்டமாகப் பதிந்திருந்தது. சிடி ரைட்டர் வீடுகளுக்கு வந்ததும் அசலுக்கு இம்மியும் குறையாத நகல் எவருக்கும் எளிதானது. இசை நிறுவனங்கள் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அவை போட்ட பூட்டுகள் யாரைத் தடுத்தன என்பதுதான் கேள்வி.

முதலில் வந்தது ஓரளவு நேர்மையான ஏற்பாடு. அமெரிக்காவின் 1992-ஆம் ஆண்டு வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம், டேட் போன்ற டிஜிட்டல் ரெக்கார்டர்களில் எஸ்.சி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. அசலிலிருந்து நகல் எடுக்கலாம். அந்த நகலிலிருந்து டிஜிட்டலாக மறுநகல் எடுக்க முடியாது. ரெக்கார்டர், வெற்று நாடா விற்பனையில் ஒரு பங்கு இசைத் துறைக்குப் போனது. சொந்தமாகக் கேட்க நகலெடுப்பவர்மீது வழக்கும் இல்லை. இதில் இரண்டு குறைகள். மைக் வைத்துத் தன் பாட்டைத் தானே பதிந்தவராலும் தன் நாடாவின் நகலிலிருந்து மறுநகல் எடுக்க முடியவில்லை. நகலெடுப்பின் தலைமையகமாக ஆகவிருந்த கணினியோ சட்டத்துக்கு வெளியே நின்றது.

கணினி என்ற அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் எக்ஸ்.சி.பி. என்ற நகல்தடுப்பு மென்பொருள். 2005-இல் சோனி பிஎம்ஜி 52 ஆல்பங்களில் இதைச் சேர்த்தது. மூன்று நகல்கள் எடுக்க அனுமதித்தது இதன் நல்ல பக்கம். ஆனால் தகட்டைக் கணினியில் போட்டு ஒப்பந்தத்தை ஏற்றவுடன், ஒரு நிரல் விண்டோஸின் அடிமடியில் போய் ஒளிந்துகொண்டது. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்தது. அக்டோபர் 31-இல் கணினி வல்லுநர் மார்க் ருஸ்ஸினோவிச் இதை அம்பலப்படுத்தினார். சில நாட்களிலேயே தீநிரல் எழுதுவோர் அதே எழுத்துகளில் தொடங்கும் பெயரைச் சூட்டித் தங்கள் கோப்புகளை ஒளித்தார்கள். நவம்பரில் தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. சேதமான கணினிகளுக்கு 150 டாலர் வரை தரவேண்டும் என்று 2007-இல் உடன்பாடு வந்தது.

தகட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அந்த நிரல் ஏறாது. திருட்டு விற்பனைக்காரருக்கு அந்த வித்தை தெரியும். தெரியாமல் மாட்டிக்கொண்டவர் காசு கொடுத்து வாங்கியவர். பூட்டில்லாத ஒரே ஒரு நகல் இணையத்தில் ஏறினால் போதும், மற்ற எல்லாத் தகடுகளிலும் உள்ள பூட்டு வீண்.

எனவே இந்த வரலாற்றில் வைத்துக்கொள்ளத்தக்கது 1992-இன் பங்குத் தொகைதான். அது நகலெடுப்பவரைத் திருடராக்காமல் இசைத் துறைக்குக் கொஞ்சமாவது பணம் சேர்த்தது. பூட்டுகளோ வாங்கியவரை மட்டுமே தண்டித்தன.