பனியையும் புகையென்று எண்ணும் கருவி

காற்றின் தரத்தை அளக்கும் இந்தக் கருவியை மழைச்சாரல் படாத வெளிச்சுவரில் மாட்டி வைஃபையில் இணைத்துவிட்டால் போதும். காற்றில் எவ்வளவு நுண்துகள் என்று நிமிடத்துக்கு நிமிடம் போனில் காட்டும். உள்ளே ஒரு லேசர், சின்ன விசிறி, ஒளியை உணரும் சில்லு. குறைந்த விலைக் கருவிகளில் எந்த பிராண்டை எடுத்தாலும் ஏறக்குறைய இதே சரக்குதான். அதனால் பெயர் சொல்லவில்லை. நான் சொல்ல வரும் குணம் இந்த இனத்துக்கே பொது.

மார்கழி விடியலில் பெரம்பூரில் எங்கள் தெருவில் பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 90 மைக்ரோகிராமைத் தொடுகிறது. வெயில் ஏறியதும் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த 90இல் புகை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? கருவிக்குத் தெரியாது. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எடையை ஊகிப்பதுதான் அதன் வேலை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடல் உப்புத் துகள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். கந்தக வாயுவிலிருந்து உருவாகும் சல்ஃபேட்டும் அப்படித்தான். எண்ணூர்ப் பக்கம் கடலும் உண்டு, நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களும் உண்டு. ஊதிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்க, கருவி அதைத் தூசிக் கணக்கில் ஏற்றிவிடுகிறது. அரசு கண்காணிப்பு நிலையங்களில் இருக்கும் பீட்டா கதிர்க் கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளக்கின்றன. நம் கருவியில் அந்தச் சூடேற்றி இல்லை.

திருத்த வழி இருக்கிறது. இதே இனத்தைச் சேர்ந்த பர்ப்பிள்ஏர் கருவிகளுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வாளர்கள் 2021இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். கருவி காட்டும் எண்ணை 0.524ஆல் பெருக்கு, ஈரப்பதச் சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கி அதில் கழி, 5.75 கூட்டு. ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும் விடியலில் நம்முடைய 90, 45 ஆகிவிடுகிறது. 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 60. கோட்டுக்கு மேலே நின்ற காற்று ஒரே கணக்கில் கீழே வந்துவிட்டது! ஆனால் அது அமெரிக்கக் காற்றை வைத்துப் போட்ட கணக்கு. வடசென்னைக்கு அதை அப்படியே ஒட்டவைக்க எனக்கு மனமில்லை. மணலி, கொடுங்கையூர் நிலையங்களின் அருகிலேயே இத்தகைய கருவிகளை ஒரு முழு வருடம் மாட்டிவைத்து, நமக்கென்று ஒரு சூத்திரம் போட வேண்டும்.

அதற்காக விடியற்காலை எண்ணையெல்லாம் பனி என்று தள்ளிவிடவும் கூடாது. குளிர்கால இரவில் தரையோடு ஒட்டிய காற்று மேலே எழும்பாது. புகை அங்கேயே தேங்கும். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே முடக்கின. அன்றைக்கு ஈரமும் உண்மை, நஞ்சும் உண்மை.

எனக்கு ஆத்திரமூட்டுவது கருவியோடு வரும் போன் செயலிதான். விடிவதற்கு முன்பே சிவப்பு எச்சரிக்கை அனுப்புகிறது. வீசிங் உள்ள அப்பா அதைப் பார்த்துவிட்டு நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். திருத்திய 45ஐப் போட்டாலும் குழப்பம் தீரவில்லை. செயலியில் இயல்பாக வருவது அமெரிக்கக் குறியீடு. அதில் 45 என்றால் ஆரஞ்சு. இந்தியக் குறியீட்டில் அதே 45 வெளிர்பச்சை, ‘திருப்தி’. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஒரு நாள் வரம்போ வெறும் 15. மூச்சுத் திணறும் ஒருவருக்கு எச்சரிக்கையில் நிறத்தை மட்டும் காட்டி எண்ணை ஒளித்துவைப்பது அநியாயம். எந்த நாட்டு அளவுகோல் என்பதையாவது முகப்பிலேயே எழுத வேண்டாமா?

பிஎம் 10 எண்ணை நம்பவே வேண்டாம். பருமனான துகள்களை இந்த லேசர் சரியாகப் பிடிப்பதில்லை. அங்கே தெரிவது பெரும்பாலும் ஊகம். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் கண்ணை உறுத்தும் மண்தூசி இதன் கணக்கில் சரியாக ஏறாது.

இத்தனைக்கும் பிறகு இதை நான் கழற்றப் போவதில்லை. அரசு குறியீடு ஒரு நாள் சராசரி. பக்கத்துக் காலிமனையில் யாரோ குப்பையைக் கொளுத்தும் அந்த அரைமணி நேரம் அதில் கரைந்துபோகும். என் சுவரிலிருக்கும் கருவியில் செங்குத்தாக எழுந்து நிற்கும். திருத்தாத எண்ணையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் விடுகிறது. வாங்குவதானால் இந்த இரண்டும் தரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சிரிக்கும் முகமும் அழும் முகமும் மட்டும் காட்டுவது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.