ஒரே ஏரியில் மூன்று பட்டியல்

ஓஇசிடி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் சங்கம். டிஜிட்டல் மாற்றத்தை எப்படி அளப்பது என்று 2019இல் தடித்த புத்தகம் ஒன்று போட்டார்கள். அணுகல், பயன்பாடு, புதுமை, வேலை, சமூக நலம், நம்பிக்கை, சந்தைத் திறப்பு என்று ஏழு தலைப்பு. நாடுகளை வரிசையாக நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள். அதற்கு முந்தின ஆண்டு ஜி20 நாடுகளுக்கென்று வந்த அளவீட்டுத் தொகுப்பும் இதே சாயல்தான். ஓஇசிடியில் இந்தியா உறுப்பினர் இல்லை, ஜி20இல் உண்டு.

இந்தப் பிரதிகளை வாசிக்கும்போது நான் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். ஆண், பெண், வயசு, படிப்பு, வருமானம் என்று ஆளைப் பிரிக்கிற கட்டங்கள் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. வெள்ளைக்காரன் ஊரில் இல்லாததை அவன் எப்படி எண்ணுவான் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே முழக்கோலை வாங்கிவந்து இங்கே நட்டுவைத்து, ‘டிஜிட்டல் இந்தியா’ இவ்வளவு வளர்ந்தது என்று நம்மாட்கள் பேசும்போது அப்படி விட முடியவில்லை.

முதலில் ‘வீடு’ என்கிற அலகு. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி இந்தியாவில் இணைய வசதியுள்ள குடும்பங்கள் 23.8 சதவீதம். கிராமத்தில் 14.9, நகரத்தில் 42. எங்கள் வீட்டுக்கு அன்றைக்குக் கணக்கெடுக்க வந்திருந்தால் ‘இணையம் உண்டு’ என்றுதான் எழுதியிருப்பார்கள். தம்பியிடம் போன் இருந்தது. காலையில் அவன் வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும், ராத்திரி பத்து மணிக்குத்தான் இரண்டும் திரும்பும். அம்மா அந்த ‘இணையமுள்ள வீட்டில்’ பகல் முழுக்க இணையம் இல்லாமல் இருந்தாள்.

சரி, ஆளை எண்ணுகிற கணக்கு? தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21. எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்று சொன்ன பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. தமிழ்நாட்டுப் பெண்கள் 46.9. நல்ல கேள்வி, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வில் பெண் என்றால் 15 முதல் 49 வயசுக்குள். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவள் ‘இல்லை’ என்று சொல்பவர்களின் கணக்கில்கூட வரமாட்டாள்.

ஆனால் அதே அம்மா கணினிக்குள்ளே இருந்தாள், சாதியோடு இருந்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

நூறு நாள் வேலை. 2005 சட்டத்தில் வந்தது, 2025 டிசம்பரில் அதன் இடத்துக்கு வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். கூலி நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது நல்ல காரியம். சாயங்காலம் கூலிக்காக அடுத்தவன் வாசலில் காத்துக் கிடந்த காலம் அம்மாவுக்குத் தெரியும். அந்தத் திண்ணையைத் தாண்டவைத்தது கணினி என்றால் அதைக் கும்பிட எனக்குத் தயக்கமில்லை. 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2021-22 முதல் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்துப் பட்டுவாடா செய்யச் சொன்னது. அதுவரை ஒரு வேலைக்கு ஒரே பட்டியல், ஒரே பண ஆணை. யார் யாருக்கு எவ்வளவு நிதி போகிறது என்று சரியாகக் காட்டுவதற்காம்.

ஒரே ஏரி, ஒரே மண், ஒரே வெயில், பட்டியல் மட்டும் மூன்று. மூன்றும் மூன்று நாளில் வந்தன. ஒரு முறை காலனிக்கு முதலில் கூலி ஏறிவிட்டது. மறுநாள் ஏரியில் ஊர்த்தெரு ஆட்கள் தனியாக ஒரு ஓரம் ஒதுங்கினார்கள். அம்மாவைவிட இருபது வயசு சின்னவள் ஒருத்தி கேட்டாளாம்: “ஒங்களுக்கு மட்டும் மொதல்ல வருதா? நாங்க என்னா மண்ணு தின்னுட்டா வேல செய்றோம்?” அம்மா சொன்னாள்: “நான் என்னாத்த கண்டேன், மிஷினுதான் போட்டுச்சு.” அடுத்த முறை எங்களுக்குத் தாமதமானபோது ஏன் என்று கேட்க யாரும் இல்லை. நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த முறையைக் கைவிட்டார்கள். ஏரியில் ஒதுங்கினவர்கள் மட்டும் திரும்பிவரவே இல்லை, தனியாகவே இருந்துவிட்டார்கள்.

சாதியை எண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சேரிக்குக் கொடுத்தோம் என்று காட்டுவதற்குச் சாதிக் கட்டம் உண்டு. சேரிக்குக் கிடைக்கவில்லை என்று காட்டுவதற்கு இல்லை. இது மறதி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் கணினி உண்டா, இணையம் உண்டா என்று கேட்டு, பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குத் தனி அட்டவணையும் போட்டார்கள். ஆக, செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

2023 ஜனவரி முதல் வருகைப்பதிவும் போனுக்குள் போனது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ. போன் பணித்தளப் பொறுப்பாளர் கையில், எங்கள் ஊரில் அது ஊர்த்தெருப் பெண். சிக்னல் தேடி அவள் கரையில் ஏறினால் எல்லாரும் பின்னாலேயே ஏறணும். வேலையை முடித்துவிட்டு இரண்டாவது போட்டோவுக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்கணும். இதுவும் டிஜிட்டல் பயன்பாடுதான்.

இனி டீக்கடை. எங்கள் ஆயா காலத்தில் தனி கிளாஸ். காசைப் பலகையில் வைக்கணும், சில்லறையை மேலே இருந்து கையில் போடுவார்கள். அப்புறம் பேப்பர் கப் வந்தது. கழுவவும் வேண்டாம், கேஸும் வராது. இப்போது க்யூஆர் அட்டை. போன மாசம் போயிருந்தபோது பார்த்தேன், அட்டை கடைக்குள் இல்லை. வெளித் தூணில், நம்மாட்கள் நிற்கிற பக்கமாக ஒட்டியிருந்தது. பத்து ரூபாய் போட்டேன், பெட்டி சத்தமாகச் சொன்னது. “இது வந்ததுலருந்து நிம்மதிப்பா, காச கையில வாங்குற வேலயே இல்ல” என்றார் கடைக்காரர். சில்லறைத் தொல்லையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் உள்ளே பெஞ்சில் கண்ணாடி கிளாசில் குடித்துக்கொண்டிருந்தவர் இருபது ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்தார், மீதியைக் கையிலேயே வாங்கினார். 2024இல் யுபிஐ வழியே நாட்டில் நடந்த பரிவர்த்தனை 17,200 கோடி. அந்தப் பட்டியலில் என் டீயைப் போல எத்தனை தூணோரத்து டீ இருக்குமோ. அளவுகோலுக்கு எல்லாம் முன்னேற்றம்தான். தொடாமல் காசு வாங்க ஒருவருக்கு வழி கிடைத்ததை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இடையில் ஒன்று. ஓஇசிடி கணக்கில் கண்ணாடி இழைக் கேபிளின் பங்குக்குத் தனி இடம் உண்டு. கேபிளுக்குப் பள்ளம் தோண்டின என் மாமாவுக்கு அது என்னவென்று தெரியாது. கரண்டு கம்பி என்றே நினைத்திருந்தார்.

சாதிவாரிக் கணக்கெடுப்போடு அடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2027இல் என்று 2025இல் அறிவித்தார்கள். அதுவே டிஜிட்டல் கணக்கெடுப்பாம். வீட்டில் போன் உண்டா என்பதோடு நிறுத்தாமல் சில கேள்விகளைச் சேர்க்கணும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் போன் யாருடையது? பகலில் யார் கையில் இருக்கிறது? உங்கள் பணத்தை நீங்களே எடுக்கிறீர்களா, யாரையாவது கெஞ்சுகிறீர்களா? மிஷின் ரேகையை ஏற்காமல் எத்தனை முறை திரும்பினீர்கள்? மண் சுமந்து தேய்ந்த விரலுக்கு அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

“மூணு தடவ திரும்பி வந்தேன்னு எழுதிக்கோ” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “நாலாந்தடவ போவலன்னும் எழுதிக்கோ.”